சுவரில் விழும் ஓவியம்



நம்ம ஹாஸ்டலில் சிவில்காரர்களை ‘மண்ணு பார்ட்டி’ என்று கிண்டல் செய்த மெக்கானிக்கல் கோஷ்டியில் நானும் ஒருவன். இன்றைக்கு எனக்குச் சோறு போடுவதே மண் அள்ளுகிற கணக்குதான். அந்தக் கதையைச் சொல்கிறேன்.

அக்ரிலிக் பலகையில் லென்ஸ் வடிவமைப்பது என் வேலை. கையில் வாங்கிப் பார்த்தால் லேசாக அலையடித்த கண்ணாடி மாதிரி இருக்கும், அவ்வளவுதான். பின்னாலிருந்து டார்ச் அடித்தால் எதிர்ச் சுவரில் ஒரு முகம் தெரியும். ஸ்லைடு மாதிரி இதில் மையும் இல்லை, ஒளியைத் தடுப்பதும் இல்லை. சுவரில் ஓரிடம் இருட்டாக இருந்தால், அங்கே விழவேண்டிய ஒளியை லென்ஸ் வளைத்து வேறிடத்துக்கு அனுப்பிவிட்டது என்று அர்த்தம்.

புது வித்தை என்றுதான் நினைத்திருந்தேன். ஆனால் சீனாவில் ஹான் வம்சக் காலத்திலேயே இதைச் செய்யும் வெண்கலக் கண்ணாடிகள் இருந்திருக்கின்றன. முகம் பார்க்கும் பக்கம் வழவழவென்று இருக்கும். வெயிலைப் பிடித்துச் சுவரில் அடித்தால் முதுகுப் பக்கத்துச் சித்திரம் தெரியும்! ஒளி உலோகத்தை ஊடுருவுவதாகத்தான் தோன்றும். 11-ஆம் நூற்றாண்டில் ஷென் குவோ என்ற அறிஞர் அப்படி இல்லை என்ற விளக்கத்தை எழுதி வைத்தார். வார்ப்பில் மெல்லிய பகுதி முதலிலும் தடித்த பகுதி பிறகும் ஆறுவதால் முகப்பில் கண்ணுக்குத் தெரியாத சுவடு விழுகிறதாம். சுவடு இருப்பது உண்மைதான், காரணம்தான் வேறு. டோக்கியோ பொறியியல் கல்லூரியில் பாடம் நடத்திய அயர்ட்டன், பெர்ரி இருவரும் 1878-இல் ஜப்பானியக் கண்ணாடிகளை ஆராய்ந்து அதைச் சொன்னார்கள். இழைத்துத் தேய்க்கும்போது மெல்லிய பகுதி அழுத்தத்துக்கு வளைந்து கொடுத்து, பின்பு அதிகம் புடைத்துக்கொள்கிறது. புடைத்த இடம் ஒளியைச் சிதறடிக்கும். தட்டையாக நின்ற தடித்த இடம் சுவரில் பளிச்சென்று தெரியும். அந்த மேடுபள்ளம் ஒரு மைக்ரான்கூட இல்லை. 2006-இல் பிரிஸ்டலைச் சேர்ந்த மைக்கேல் பெரி இதற்குக் கணக்கும் போட்டுக் காட்டினார்.

இது கண்ணாடியிலிருந்து படத்துக்குப் போகிற வழி. எனக்கு வேண்டியது தலைகீழ் வழி. இன்ன படம் விழவேண்டும், அதற்கு எந்த வளைவு? இங்கேதான் மண்ணு பார்ட்டி வருகிறது. 1781-இல் காஸ்பார் மோஞ்ச் என்ற பிரெஞ்சுக்காரர் ஒரு கேள்வி கேட்டார்: வெட்டிய மண்ணைக் கரை கட்டும் இடத்துக்கு மிகக் குறைந்த சுமைகூலியில் கொண்டுபோவது எப்படி? 1942-இல் சோவியத் கணித மேதை கான்டரோவிச் அதைப் புது வடிவில் எடுத்துக்கொண்டார். மண்ணுக்குப் பதில் ஒளி என்று வைத்துக்கொள்ளுங்கள், அதே கணக்கு. லென்ஸில் சீராக விழும் ஒளியில் எந்தத் துளி சுவரில் எங்கே போகவேண்டும் என்று பங்கு பிரித்த பிறகுதான் வளைவையே தேடுகிறோம். சுவிட்சர்லாந்தின் லோசான் தொழில்நுட்பப் பல்கலைக்கழகக் (EPFL) குழு 2014-இல் இந்த முறையில் கன்னங்கரிய இருட்டையும் கூர்மையான கோடுகளையும் கொண்டுவந்தது.

என் முதல் லென்ஸ் கதை வேறு. கடைந்து வந்ததை பாலிஷுக்குக் கொடுத்தேன். பெரியவர் மெனக்கெட்டுத் தேய்த்து, “மேடு பள்ளமே இல்லாம பண்ணிட்டேன் தம்பி” என்று பெருமையாக நீட்டினார். டார்ச் அடித்தேன். சுவரில் வெளிச்சம் மட்டும்தான் இருந்தது. ஜப்பானில் தேய்த்துத் தேய்த்தே படம் வந்தது, எனக்குத் தேய்த்ததில் படம் போச்சு.

இரண்டாவது பலகை தேறிவிட்டது. சந்திப்பன்று கொண்டுவருகிறேன், டார்ச்சும் என் செலவு. முன்வரிசை சிவில்காரர்களுக்கு.