உருக்காலைத் தொழிலாளியின் ஒரு நாள்

எட்டு மணி நேர வேலை இன்று நமக்குப் பழகிப்போன ஒன்று. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் வட்டார உருக்காலைத் தொழிலாளிக்கோ அது எட்டாக் கனியாக இருந்தது.

கிழக்கு ஐரோப்பாவிலிருந்து பிழைக்க வந்தவர்களே அங்குக் கடும் வேலைகளைப் பெரிதும் செய்தனர். ஊதுலைத் தொழிலாளி நாள்தோறும் 12 மணி நேரம் உழைத்தான். உலை அணையலாகாது, ஆகவே ஞாயிறன்றும் ஓய்வில்லை. இரு வாரத்துக்கொரு முறை, பகல் வேலையினர் இரவு வேலைக்கு மாறும்போது, தொடர்ந்து 24 மணி நேரம் உலைமுன் நின்றனர்! விடுதிகளில் ஒருவன் எழுந்த படுக்கையில் மற்றவன் படுத்தான். பெற்ற பிள்ளையோடு பேசவும் தகப்பனுக்குப் பொழுதில்லை. பணக்குறையினும் பொழுதின் குறையே அவனை வாட்டிற்று.

1919 செப்டம்பர் 22-இல் இலட்சக்கணக்கானோர் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். எட்டு மணி நேர வேலை அவர்களின் தலையாய கோரிக்கைகளுள் ஒன்று. 1920 சனவரியில் போராட்டம் தோல்வியில் முடிந்தது. ஆயினும் கோரிக்கை மடியவில்லை. குடியரசுத் தலைவர் ஹார்டிங்கும் முதலாளிகளை வற்புறுத்தினார். 1923 ஆகஸ்டில் யுனைடெட் ஸ்டேட்ஸ் ஸ்டீல் நிறுவனம் எட்டு மணி முறைக்கு மாறத் தொடங்கிற்று.

போராடியவர்கள் தோற்றனர், அவர்கள் கேட்டது வென்றது.