மார்த்தாண்டவர்மா போகாத ஊர்

1739ஆம் வருஷம் இலங்கையில் டச்சுக் கம்பெனியின் கவர்னராக இருந்த வான் இம்ஹாஃப் என்பவர் மார்த்தாண்டவர்ம மகாராஜாவைக் கண்டு பேச வந்தார். பக்கத்துச் சிறு ராஜ்யங்களைத் திருவிதாங்கூர் விழுங்கிக்கொண்டு வருவது கம்பெனியின் மிளகு வியாபாரத்துக்கு இடைஞ்சலாக இருந்தது. பேச்சு முற்றி, கவர்னர் படையெடுப்பேன் என்று மிரட்டினாராம். அப்படியானால் நாமும் முக்குவர்களை வள்ளங்களில் ஏற்றிக்கொண்டு ஐரோப்பாவின் மேல் ஒரு படையெடுப்பு நடத்தலாமா என்று யோசிக்க வேண்டியிருக்கும் என்று மகாராஜா பதில் சொன்னாராம். திருவிதாங்கூர்ச் சரித்திரம் எழுதிய பழைய ஆசிரியர்கள் இந்தக் கதையை ருசித்து ருசித்து எழுதியிருக்கிறார்கள்.

அந்தப் படையெடுப்பு நடக்கவில்லை. ஆனால் சில வருஷங்களுக்கு முன் ஒரு வைகாசி மாதத்தில் நாஞ்சில் நாட்டிலிருந்து ஐந்து பேர் ஆம்ஸ்டர்டாம் நகரத்தில் போய் இறங்கினோம். நான், என் மனைவி, மகள், மாப்பிள்ளை, பத்து வயதுப் பேத்தி. ஆயுதம் என்று எங்களிடம் இருந்தது ஒரு ஜாடி நாரத்தங்காய் ஊறுகாய்தான். கம்பெனிக் கப்பல்கள் அந்த ஊரை விட்டுக் கிளம்பி, ஆப்பிரிக்காவின் தென்கோடியைச் சுற்றிக்கொண்டு ஜாவாவில் இருந்த பட்டாவியா போய்ச் சேர ஏறக்குறைய எட்டு மாதம் ஆகும். வழியில் செத்தவர்களைக் கடலில் போட்டுவிட்டுப் போவார்கள். எங்களுக்கு ஒரு நாள்கூட முழுதாக ஆகவில்லை. கால் வீங்கியது என்று என் மனைவி குறைப்பட்டுக்கொண்டாள், அவ்வளவுதான் சேதம்.

வாய்க்கால்களைப் பார்த்ததும் அவள் திகைத்து நின்றுவிட்டாள். "இது என்ன கூத்து, வெள்ளத்துக்குள்ளே கொண்டுபோய் வீட்டைக் கட்டியிருக்கான்!" என்றாள். எங்கள் பக்கத்தில் தண்ணீரை வெள்ளம் என்றுதான் சொல்வோம். பழையாற்றுக் கால்வாய்களையும் குளங்களையும் பார்த்து வளர்ந்தவளுக்கு, ஒரு கால்வாய் வயலுக்குப் பாயாமல் வீட்டு வாசலில் சும்மா நிற்பது மனசுக்கு ஒப்பவில்லை. அந்தக் கால்வாய்கள் 17ஆம் நூற்றாண்டில் வெட்டப்பட்டவை. இரு கரையிலும் ஒடுங்கிய வீடுகள் தோளோடு தோள் இடித்துக்கொண்டு நிற்கின்றன. ஒவ்வொரு வீட்டின் உச்சியிலும் ஓர் உத்தரம் வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது. அதன் நுனியில் கொக்கி. மாடிப்படி ஆள் ஏறவே சிரமமான அகலம். ஆகவே மூட்டைகளைக் கப்பியில் கட்டி இழுத்து மேல் தளத்துக்கு ஏற்றுவார்கள். கீழே குடும்பம், மேலே சரக்கு. நம் ஊர் வீடுகளில் நெல் பத்தாயம் இருக்கும் இடத்தை நினைத்துக்கொண்டேன். அங்கே பத்தாயத்தில் இருந்தது இன்னொருவர் தேசத்து விளைச்சல்.

சேதி இவ்வளவுதான். 1602ஆம் வருஷம் மார்ச்சு 20ஆம் தேதி அந்த நாட்டு வியாபாரிகள் பல சிறு கூட்டுகளை ஒன்றாகச் சேர்த்து ஐக்கிய கிழக்கிந்தியக் கம்பெனி என்று ஒன்று ஏற்படுத்தினார்கள். பங்கு வாங்கப் பெரிய மனிதர்கள்தான் வரவேண்டும் என்றில்லை; வேலைக்காரப் பெண்கள்கூடப் பணம் போட்டார்கள். கோட்டை கட்டவும், படை வைக்கவும், ராஜாக்களோடு உடன்படிக்கை எழுதவும் அந்தக் கம்பெனிக்கு அதிகாரம் கொடுக்கப்பட்டது. நிர்வாகம் பதினேழு கனவான்கள் கையில். அவர்கள் கூடிய கட்டடம், ஆம்ஸ்டர்டாமில் கிழக்கிந்திய மாளிகை என்று பெயர் பெற்றது, இப்போது சர்வகலாசாலையின் வசம் இருக்கிறது. நாங்கள் போன நேரத்தில் முற்றத்தில் பையன்கள் சைக்கிளைச் சாத்தி வைத்துவிட்டு ரொட்டி தின்றுகொண்டிருந்தார்கள். ஒரு காலத்தில் அந்தக் கட்டடத்திலேயே மிளகும் வாசனைச் சரக்கும் அடுக்கி வைத்திருந்தார்கள். மூக்கை உறிஞ்சிப் பார்த்தேன். காப்பி மணம்தான் வந்தது.

மிளகோடு நின்றிருந்தால் கணக்கு வேறு. 17ஆம் நூற்றாண்டில் தஞ்சாவூர்ச் சீமையில் பஞ்சம் வந்தபோது, பசிக்கு விலைபோன தமிழர்களையும் இதே கம்பெனிக் கப்பல்கள் அடிமைகளாக ஏற்றிச் சென்றன. அந்த அழகான வீடுகளின் முகப்பைப் பார்க்கும்போது இது கண்ணில் தூசு விழுந்தாற்போல் உறுத்திக்கொண்டேயிருந்தது. கூட வந்தவர்களிடம் சொல்லி அவர்கள் சந்தோஷத்தைக் கெடுக்கவில்லை.

டாம் சதுக்கத்தில் இருக்கும் அரண்மனை, முதலில் அரண்மனையாகக் கட்டப்பட்டதல்ல. 1648இல் தொடங்கி நகரசபைக்காகக் கட்டினார்கள். 1808இல் நெப்போலியனின் தம்பி லூயி அதை அரண்மனை ஆக்கிக்கொண்டார். சேற்று நிலத்தில் 13,659 மரங்களை அடித்து இறக்கி, அவற்றின் தலைமேல் அந்தக் கல் மலையை நிறுத்தியிருக்கிறார்கள். வருஷத்து நாள் 365, முன்னால் ஒன்று, பின்னால் ஒன்பது என்று அங்கே பள்ளிக்கூடப் பிள்ளைகள் நினைவு வைத்துக்கொள்வார்களாம். எனக்குப் பத்மநாபபுரம் ஞாபகம் வந்தது. அங்கே கல்லுக்குமேல் மரம். இங்கே மரத்துக்குமேல் கல். பத்மநாபபுரத்தைப் பார்த்தவர்கள் பூமுகத்தின் மச்சில் செதுக்கிய 90 விதப் பூக்களையும், தேங்காய்ச் சிரட்டைக் கரியும் சுண்ணாம்பும் முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்து மெருகேற்றிய கறுப்புத் தரையையும் மறக்க மாட்டார்கள். ஆம்ஸ்டர்டாம் மாளிகையில் தரை வெள்ளைப் பளிங்கு. நடு மண்டபத்தின் தரையில் பூமியின் இரண்டு பாதிகளையும் வட்ட வட்டமாகப் பளிங்கில் பதித்திருக்கிறார்கள். உலகம் அவர்கள் காலின் கீழ்! கர்வத்தை இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது.

பேத்தி அந்த வட்டத்துக்குள் குனிந்து எதையோ தேடிக்கொண்டிருந்தாள்.

"என்ன மக்கா தேடுகே?"

"குளச்சலைக் காணோமே, பாட்டா."

அவ்வளவு பெரிய படத்தில் குளச்சலுக்கு எங்கே இடம்? ஆனால் தேட வேண்டிய ஊரைத்தான் அவள் தேடினாள். அன்று மத்தியானம் ஒரு கல் பெஞ்சில் உட்கார்ந்து அவளுக்குக் கதை சொன்னேன்.

1741இன் தொடக்கத்தில் இலங்கையிலிருந்து வந்த டச்சுக் கப்பல்கள் குளச்சலைக் குண்டு போட்டு அடித்து, ஆட்களை இறக்கின. அவர்கள் கரையில் மர வேலி அடைத்துத் தங்கினார்கள். கல்குளத்து அரண்மனை, அதாவது பின்னால் பத்மநாபபுரம் என்று பெயர் மாறியது, அங்கிருந்து கூப்பிடு தூரம் என்று சொல்லலாம். மகாராஜா வடக்கே சண்டையில் இருந்தவர் திரும்பி ஓடி வந்தார். இதற்குள் ஆனியும் ஆடியும் வந்துவிட்டன. தென்மேற்குப் பருவக்காற்று வீசும்போது குளச்சல் கடலில் கப்பல் நிற்பது லேசான காரியமில்லை. வெளியிலிருந்து உதவி வரவில்லை. வேலிக்குள் குண்டு விழுந்து மருந்துக் கிடங்கு வெடித்து, சேர்த்து வைத்திருந்த அரிசியும் எரிந்து போயிற்று. ஆகஸ்டு மாதம் சரணடைந்தார்கள். கரையோரத்து முக்குவர்கள் துடுப்பைத் துப்பாக்கி போல் தோளில் வைத்து வரிசையாக நின்று கப்பலில் இருந்தவர்களை ஏமாற்றினார்கள் என்று ஊரில் ஒரு கதை உண்டு. அது நடந்ததோ இல்லையோ, மழையும் காற்றும் கடற்கரை ஜனங்களும் இல்லாமல் அந்த வெற்றி இல்லை என்பது என் அபிப்பிராயம். வெற்றித் தூண் குளச்சலில் இன்றும் நிற்கிறது.

"பிறகு நம்ம ஆட்களுக்கு நல்லமிளகெல்லாம் திரும்பக் கிடைச்சுதா?" என்று கேட்டாள் பேத்தி.

சரித்திரப் புத்தகங்கள் இந்தக் கேள்வியை அவ்வளவு சட்டென்று கேட்பதில்லை. கிடைக்கவில்லை. வெற்றிக்குப் பின் மகாராஜா மிளகு வியாபாரத்தை அரசின் ஏகபோகமாக்கினார். கொடி வைத்தவன், பறித்தவன், உலர்த்தியவன் எல்லோரும் அரசாங்கம் சொன்ன விலைக்குப் பண்டகசாலையில் கொண்டுபோய் அளக்க வேண்டியதாயிற்று. கம்பெனி செய்ய நினைத்ததை ராஜா செய்துகொண்டார். 1753இல் மாவேலிக்கரை உடன்படிக்கைப்படி அந்தக் கம்பெனிக்கே பேசிய விலைக்கு மிளகு விற்க ஒப்புக்கொண்டு, அதற்குப் பதிலாக ஆயுதங்களும் வாங்கினார். சிறு ராஜ்யங்களை அடக்கி ஒரு பெரிய ராஜ்யம் ஆக்கியதும், ஐரோப்பியர்களை மண்டியிட வைத்ததும் சாமானியக் காரியமல்ல. அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் மிளகுக்கொடிக்குக் கீழே நின்றவனுக்கு, தராசைப் பிடித்த கை மாறியதே தவிர எடை மாறவில்லை. கூடவே இதையும் சொல்லிவிடுகிறேன்: ஆம்ஸ்டர்டாம் கடை ஒன்றில் என் மனைவி ஒரு சிறு சீசா நல்லமிளகு வாங்கினாள். சீட்டைப் படித்துப் பார்த்தால் வியட்நாமில் விளைந்தது என்று போட்டிருந்தது. கம்பெனியோ கடனில் மூழ்கி 1799ஆம் வருஷக் கடைசியில் போய்ச் சேர்ந்துவிட்டது.

குளச்சலில் பிடிபட்டவர்களில் ஒருவர் யுஸ்டேஷியஸ் டிலனாய். கம்பெனி ஆளே தவிர ஊர் டச்சு ஊரல்ல. பிரான்சின் வடக்கே உள்ள அராஸ் பக்கம் என்பார்கள். மகாராஜா அவரைச் சிறையில் வைத்து வீணாக்காமல், ஐரோப்பிய முறையில் படையைப் பழக்கும் வேலையைக் கொடுத்தார். கப்பித்தான் வலிய கப்பித்தான் ஆனார். புலியூர்க்குறிச்சியில் உள்ள உதயகிரிக் கோட்டையைத் திருத்திக் கட்டி, அங்கே பீரங்கி வார்க்கும் பட்டறையும் வைத்தார். 36 வருஷம் இரண்டு மகாராஜாக்களுக்கு உழைத்து, 1777இல் அந்தக் கோட்டைக்குள்ளேயே இறந்தார்.

அவரைக் கம்பெனிக்குத் துரோகி என்பதா, திருவிதாங்கூருக்கு விசுவாசி என்பதா? எனக்கு இரண்டு சொல்லும் பிடிக்கவில்லை. அவரோடு நெருங்கிப் பழகிய அரண்மனை உத்தியோகஸ்தர் ஒருவர், நட்டாலத்து நீலகண்டப் பிள்ளை. டிலனாயிடம் பைபிள் கதை கேட்டு மனம் மாறி, 1745இல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்றுத் தேவசகாயம் ஆனார். 1749இல் அவரைப் பிடித்து, ஊர் ஊராக இழுத்தடித்து, 1752 ஜனவரி 14ஆம் தேதி ஆரல்வாய்மொழிக்குப் பக்கத்தில் காற்றாடி மலையில் சுட்டுக் கொன்றார்கள். 2022 மே 15ஆம் தேதி ரோமாபுரியில் அவருக்குப் புனிதர் பட்டம் கொடுத்தார்கள். கப்பித்தானின் செல்வாக்கு அந்த உயிரைக் காப்பாற்றவில்லை. அதற்குப் பிறகும் 25 வருஷம் அவர் அதே ராஜ்யத்தின் படையை நடத்தியிருக்கிறார். 1765இல் களக்காட்டுச் சண்டையில் தம் மகன் ஜோகன்னஸையும் பறிகொடுத்தார். இப்படி ஒரு வாழ்க்கையை ஒரு சொல்லில் அடைக்கலாகாது.

ஊருக்குத் திரும்பி வந்த பிறகு, உதயகிரிக்குப் போக வேண்டும் என்று பேத்தி ஒரே பிடியாகப் பிடித்துக்கொண்டாள். நாகர்கோவிலிலிருந்து தக்கலை போகும் சாலையில் பஸ்ஸில் அரைமணி நேரப் பயணம். ஆம்ஸ்டர்டாமுக்குப் போய் வந்த எங்கள் வீட்டில், மகள் உட்பட மூன்று பேர் அந்தக் கோட்டைக்குள் அதுவரை கால் வைத்ததில்லை. கோட்டையை இப்போது தமிழ்நாட்டு வனத்துறை பூங்காவாக வைத்திருக்கிறது. சற்றுத் தள்ளி இருக்கும் பத்மநாபபுரம் அரண்மனையோ, 1956 நவம்பர் 1ஆம் தேதி இந்தத் தாலுக்கா சென்னை ராஜ்யத்தோடு சேர்ந்த பிறகும், கேரள அரசின் பொறுப்பிலேயே இருந்து வருகிறது. சொந்த ஊரில் அண்ணன் தம்பி பாகம் பிரித்துக்கொண்ட மாதிரி.

மரங்களுக்கு நடுவே சிதைந்து போன ஒரு சிறு கோயில். கூரை இல்லை. உள்ளே தரையோடு தரையாகக் கப்பித்தானின் கல்லறை. பக்கத்திலேயே மனைவிக்கும் மகனுக்கும். கப்பித்தானுடைய கல்லில் லத்தீனும் தமிழும் வெட்டியிருக்கிறது. லத்தீனைப் படிக்க எங்களில் ஆள் இல்லை. தமிழில் புள்ளி வைக்காத பழைய எழுத்து. சருகை ஒதுக்கிவிட்டு, பேத்தி முழந்தாளிட்டு உட்கார்ந்து, விரலை வைத்து ஒவ்வோர் எழுத்தாகக் கூட்டத் தொடங்கினாள். நேரம் ஆயிற்று என்று காவல்காரர் வந்து விசில் ஊதுகிற வரையில் இரண்டு வரி முடிந்திருந்தது.