கட்டுவோரைச் சோதித்த வரலாறு

ஒருவர் கட்டடம் கட்டத் தகுதியுடையவர் என்று யார் சொல்வது? எப்போது சொல்வது? கட்டி முடித்த பின்னரா, கட்டத் தொடங்கும் முன்னரா, அல்லது அக்கலையைக் கற்கத் தொடங்கும் முன்னரேயா? வெவ்வேறு காலங்கள் இவ்வினாவிற்கு வெவ்வேறு விடைகளை அளித்துள்ளன. கல்வராயன் மலையின் வெள்ளிமலைப் பகுதியிலிருந்து வந்து, கட்டடக்கலை பயில வழி கேட்கும் மாணவர்களுக்காகவே இவ்விடைகளைத் தேடத் தொடங்கினோம். கிடைத்தவை இலக்கிய வாசகர்க்கும் உரியவை என்பதால் இங்கே வைக்கிறோம்.

நக்கீரர் பாடிய நெடுநல்வாடையில் அரண்மனைக்கு இடம் வகுக்கும் பகுதியை நாம் வகுப்பில் பலமுறை நடத்தியிருக்கிறோம். நட்ட கோலின் நிழல் சாயாத நண்பகலில் திசையைத் துல்லியமாகக் குறித்து, நூலிட்டு அளந்து, மனை வகுக்கிறார்கள். அதைச் செய்வோரைப் புலவர் என்றே பாடல் குறிக்கிறது. பாட்டுக் கட்டுவோர்க்கும் வீடு கட்டுவோர்க்கும் ஒரே பெயரை வழங்கிய மொழி நம்முடையது. எனினும் அவர்களுக்கு யார் தேர்வு வைத்தார் என்று பாடல் சொல்லவில்லை. அதற்கான தேவையும் அன்று எழவில்லை போலும்.

தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டு ஒரு குறிப்புத் தருகிறது. குஞ்சரமல்லனான இராசராசப் பெருந்தச்சன், அவனுடன் நித்தவினோதப் பெருந்தச்சன், கண்டராதித்தப் பெருந்தச்சன் என்னும் பெயர்கள் அங்கே பொறிக்கப்பட்டுள்ளன. நித்தவினோதன் என்பதும் இராசராசனின் விருதுப்பெயரே; கண்டராதித்தன் அவன் குலத்து முன்னோன். அரசகுலப் பெயரைத் தாங்கிய இப்பட்டங்களை அக்காலத்து உரிமச் சான்றுகள் என்று கொள்ளலாம். இவை வேலை தெரிந்தவனைக் கண்டறிந்த பின் வழங்கப்பட்டவையாக இருத்தல் வேண்டும். தேர்வுத்தாள் அங்கே கல்தான். மானசாரம், மயமதம் முதலிய சிற்ப நூல்கள் தபதி, சூத்திரகிராகி, வர்த்தகி, தட்சகன் என நால்வரைச் சொல்கின்றன. திட்டமிடுவோன், நூலளப்போன், இணைப்போன், செதுக்குவோன் என்று தமிழில் விளங்கிக்கொள்ளலாம். ஏனைய மூவரின் வேலையையும் அறிந்தவனே தபதி. இம்முறையின் பெருமையைச் சொல்லும்போது அதன் குறையையும் மறைக்கலாகாது. குலத்திற்கு வெளியே பிறந்தவனுக்கு அக்கதவு பெரும்பாலும் திறக்கவில்லை.

காகிதத் தேர்வு இங்கிலாந்திலிருந்து வந்தது. 1834இல் தொடங்கப்பெற்ற பிரித்தானியக் கட்டடக்கலைஞர் கழகம், 1863இல் விருப்பத் தேர்வொன்றை நடத்தியது. 1882 முதல் இணை உறுப்பினராவோர்க்குத் தேர்வைக் கட்டாயமாக்கியது. அமெரிக்காவின் இல்லினாய் மாநிலம் 1897இல் உரிமச் சட்டம் இயற்றியது. அந்நாட்டில் அதுவே முதலாவது. பிறப்பைக் கேளாமல் அறிவைக் கேட்பது என்ற அளவில் இது பெரியதொரு மாற்றம். இலங்கையின் மினெட் டி சில்வா 1948இல் இக்கழகத்தின் இணை உறுப்பினரானார். அத்தகுதியைப் பெற்ற முதல் ஆசியப் பெண் அவரே. வழக்கறிஞராக இருந்த ஜெஃப்ரி பாவா தம் 38ஆம் வயதில், 1957இல், கட்டடக்கலைஞராகத் தகுதி பெற்று நாடு திரும்பினார். குல வழக்கு இவ்விருவர்க்கும் தராத இடத்தைத் தேர்வு தந்தது.

அதே 1957 தமிழ்நாட்டிலும் குறிப்பிடத்தக்க ஆண்டு. கிண்டிப் பொறியியல் கல்லூரி வளாகத்தில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கட்டடக்கலைத் துறை தொடங்கியது. மாமல்லபுரத்தில் அரசின் சிற்பப் பயிற்சி நிலையம் தொடங்கியது. ஒரு நாள் நடைக்கு மேற்படாத தொலைவில் இரு பள்ளிகள். ஒன்றில் வரைபலகை, மற்றொன்றில் உளி. பின்னது கல்லூரியாக வளர, அதன் தலைமைப் பொறுப்பில் நெடுங்காலம் இருந்தவர் பிள்ளையார்பட்டியில் பிறந்த வை. கணபதி ஸ்தபதி. குலவழியில் கற்ற தொழிலோடு கணிதத்தில் பட்டமும் பெற்றவர் அவர். கன்னியாகுமரியில் 2000ஆம் ஆண்டு சனவரி முதல் நாள் திறக்கப்பட்ட 133 அடித் திருவள்ளுவர் சிலை அவர் கைவண்ணம். இரு மரபுகளும் ஒரே மனிதரில் சேர்ந்து வாழ இயலும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமா?

சட்டம் ஒரு வழியைத் தேர்ந்தது. 1972ஆம் ஆண்டின் கட்டடக்கலைஞர் சட்டம், ஏற்கப்பட்ட கல்வித்தகுதி உடையோரைப் பதிவேட்டில் சேர்த்தது. பட்டம் இல்லாதவராயினும் ஐந்தாண்டுகளுக்குக் குறையாமல் இத்தொழில் செய்துவந்தோர் முதற்பதிவேட்டில் இடம்பெற ஒரு சாளரத்தையும் திறந்து வைத்தது. குறித்த காலம் கழிந்ததும் அச்சாளரம் மூடப்பட்டது. அனுபவத்தைத் தகுதியாக ஏற்றதும் அதனோடு முடிந்தது.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் பட்டமும் பயிற்சியும் பெற்ற பின்னரும் உரிமத்திற்கெனத் தனித்தேர்வு எழுத வேண்டும். இந்தியச் சட்டமோ பட்டத்தையே தகுதியாகக் கொண்டது. ஆகவே இங்கு கடுஞ்சோதனை வாசலுக்கு நகர்ந்துவிட்டது. 2006இல் தொடங்கிய ‘நாட்டா’ என்னும் தேசிய நுழைவுத்தேர்வும், திருச்சி தேசியத் தொழில்நுட்பக் கழகம் போன்றவற்றிற்கான ஜே.இ.இ. இரண்டாம் தாளும் அவ்வாசல்கள். பெருந்தச்சனைக் கட்டிய பின் சோதித்தார்கள். இலண்டன் மாணவனைக் கற்ற பின் சோதித்தார்கள். நம் பிள்ளைகளையோ கற்கும் முன்பே சோதிக்கிறோம்.

வாசலில் வைக்கும் தேர்வு, வாசலுக்கு அருகில் பிறந்தோர்க்கே எளிது. கல்வராயன் மலை 1976 வரை ஜாகீர்தார்களின் பிடியில் இருந்தது. சமவெளி ஊர்கள் பள்ளிக்கூடம் கண்டு மூன்று தலைமுறை ஆன பின்னரே இங்கு அரசின் கை முழுதாக எட்டியது. 2019இல் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானது. அரசுப் பள்ளி மாணவர்க்குத் தொழிற்படிப்புகளில் 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீடு 2021இல் சட்டமானது. இவை நல்ல அடிகள். எனினும் ஓவியப் பயிற்சிக்கும் மாதிரித் தேர்வுக்கும் நகரத்தையே நாட வேண்டிய நிலை எளிதில் மாறுவதன்று.

ஆனால் அத்தேர்வு கேட்பது என்ன? ஓர் உருவத்தை மனத்திற்குள் திருப்பிப் பார்க்கும் ஆற்றல், அளவின் பொருத்தம் அறியும் கண், நினைத்ததைக் கோடாக்கும் கை. மூங்கிலை நட்டு, மண் அப்பி, புல் வேய்ந்து, மழைச்சாரல் எப்பக்கம் அடிக்கும் என்று பார்த்து வாசல் வைக்கும் மலையாளி மக்களின் வீட்டில் வளர்ந்த பிள்ளைக்கு இவை புதியவை அல்ல. அவன் கண்டதற்குத் தேர்வின் மொழியில் பெயர் தெரியவில்லை, அவ்வளவே.

2020 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் ஒரு தெளிவு தந்தது. பதிவு பெறாதவர் ‘கட்டடக்கலைஞர்’ என்னும் பெயரைச் சூடிக்கொள்ளவே சட்டம் தடை செய்கிறது. வடிவமைப்புத் தொழிலை அன்று என்பது தீர்ப்பின் சாரம். அதாவது வேலை எல்லோர்க்கும் உரியது, பெயர் சிலர்க்கே உரியது. கொத்தனாரும் மேஸ்திரியும் தொடர்ந்து கட்டுவார்கள். அவர்தம் பெயர் எந்தக் கல்லிலும் இராது. பெருந்தச்சன் பெயரைக் கல்லில் வெட்டிய மண்ணில் இதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

ஆதலால் வழி கேட்கும் மாணவர்க்கு நாம் சொல்வது இதுதான். அந்தப் பெயரையும் பெற்றாக வேண்டும். தேர்வை இகழ்ந்து ஒதுங்குவதால் பயனில்லை. கணிதத்தையும் இயற்பியலையும் விடாது படியுங்கள். நாள்தோறும் ஒன்றை அளந்து வரையுங்கள். முதலில் உங்கள் வீட்டையே வரையுங்கள். பள்ளித் திடலில் கோல் நட்டு நிழலைக் குறித்துத் திசை காணுங்கள். நக்கீரர் காலத்துப் பாடம் அது, கட்டணம் ஏதுமில்லை.