நங்குரக்கல்: தென்மேற்குக் கரையின் பாய்மரச் சொற்கள்

தமிழகமும் கேரளமும் சந்திக்கும் எல்லையில் உள்ள காரக்கோணம் கடற்கரை ஊர் அன்று. நெய்யாற்றின்கரை வட்டத்தின் உள்நாட்டில், தமிழும் மலையாளமும் அடுத்தடுத்த வீடுகளில் வழங்கும் சிற்றூர்களுள் அதுவும் ஒன்று. அங்கிருந்து கடலை நோக்கிச் செல்வோர் பூவாறு, பொழியூர், நீரோடி ஆகிய மீனவ ஊர்களை அடைவர். 1956 நவம்பர் 1 அன்று மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது விளவங்கோடு, கல்குளம், தோவாளை, அகத்தீசுவரம் ஆகிய வட்டங்கள் சென்னை மாநிலத்துடன் இணைந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்திலேயே நின்றது. இதன் விளைவாக நீரோடி தமிழகத்திற்கும், அதனை ஒட்டிய பொழியூர் கேரளத்திற்கும் உரியவாயின. கரையில் கோடு விழுந்த பின்னும் இவ்விரு ஊராரின் கலமும் தொழிலும் மாறவில்லை. ஆயினும் அவர்தம் சொற்கள் இருவேறு அகராதி மரபுகளின் ஓரத்திற்குத் தள்ளப்பட்டன. தமிழ் அகராதிகள் அவற்றை மலையாளம் எனவும், மலையாள அகராதிகள் அவற்றைத் தமிழ் எனவும் கருதி ஒதுக்கும் நிலை எளிதில் நேரக்கூடியது. சிறு பாய்மரக் கலத்தைச் செலுத்துதல், நிறுத்துதல் ஆகிய இரு வினைகளைச் சார்ந்த சொற்களின் வரலாறு ஈண்டு ஆராயப்படுகிறது.

நிறுத்துதல் பற்றிய சொல்லே வரலாற்று நோக்கில் மிகுந்த பயன் தருவது. நங்கூரம் என்னும் சொல் சங்க நூல்களில் வழங்கவில்லை. மதுரைக்காஞ்சியில், கட்டுக்கு அடங்காத யானைக்குப் புயலில் சிக்கிய நாவாய் உவமையாகிறது. அப்பகுதியில் பாயைக் குறிக்கும் இதை, பாய்மரத்தைக் குறிக்கும் கூம்பு, கயிறு, கல் ஆகிய சொற்கள் அடுத்தடுத்து வருகின்றன. கி.பி. 14ஆம் நூற்றாண்டினராகக் கருதப்படும் நச்சினார்க்கினியர் இங்குள்ள கல்லை ‘நங்குரக்கல்’ என விளக்குகிறார். இக்கூட்டுச்சொல் ஊன்றி நோக்கத்தக்கது. புதிதாக வந்த சொல் பழைய சொல்லை அகற்றாமல் அதற்கு அடையாக நிற்கிறது. உரையாசிரியர் காலத்தில் நங்குரம் என்பது கருவியின் பயனையும், கல் என்பது அதன் பொருளையும் உணர்த்தியிருத்தல் வேண்டும்.

இச்சொல்லைத் தமிழ்ப் பேரகராதி பாரசீக ‘லங்கர்’ என்பதனோடு தொடர்புபடுத்துகிறது. மொழி முதலில் லகரம் வாராது என்பது தொல்காப்பியர் கூறும் வரையறைவழிப் பெறப்படுவது. ஆதலின் லகரம் நகரமாதல் எதிர்பார்க்கத்தக்கதே. வடமொழி ‘லாங்கல’, தமிழ் ‘நாஞ்சில்’ ஆகிய கலப்பைப் பெயர்களிலும் இதே லகர நகர இணை காணப்படுகிறது. அவற்றுள் எது எதனிடமிருந்து பெறப்பட்டது என்பது வேறு வினா. காரக்கோணத்திற்குக் கிழக்கே உள்ள நாடு நாஞ்சில்நாடு என்பதும், கலப்பையும் இரும்பு நங்கூரமும் மண்ணைக் கீறிப் பற்றும் வளைந்த கருவிகளே என்பதும் இடையே சுட்டத்தக்கன. முதலெழுத்தைக் காட்டிலும் இடையிலுள்ள உகரமே சிக்கலானது. ‘லங்கர்’ நேரே வந்திருப்பின் ‘நங்கரம்’ என்றே அமைந்திருக்கும். கிரேக்க ‘அங்குரா’ உகரத்தை விளக்குகிறது. ஆனால் முதல் நகரத்தை விளக்கவில்லை. போர்த்துக்கீசிய ‘ஆங்கொரா’விலிருந்து வந்தது என்னும் கருத்து மட்டும் ஐயமின்றித் தள்ளத்தக்கது. வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டுக் கரையை அடைந்தது 1498ஆம் ஆண்டில். உரைச்சான்று அதற்கும் முற்பட்டது. மேற்கடல் வணிகர் பலரின் வாய்வழி வந்த ஒரு துறைமுகச் சொல்லுக்கு ஒரே மூலத்தைத் தேடுவதே பொருந்தாது என்பது வலிமையான நிலைப்பாடு.

பெயரைவிட வினை தெளிவாகப் பேசுகிறது. கல்லைப் ‘போடுவர்’, நங்கூரத்தைப் ‘பாய்ச்சுவர்’. இவ்வேறுபாடு கருவிகளின் இயல்பை ஒட்டியது. கல் தன் எடையால் கலத்தை நிறுத்துவது. இரும்பு நங்கூரமோ கொளுவி மண்ணுள் பாய்வதால் நிறுத்துவது. கயிறு தரையை ஒட்டிக் கிடைமட்டமாக இழுத்தாலன்றி அது பாயாது. எனவேதான் இன்றைய சிறுகலக் கையேடுகள் நீரின் ஆழத்தைப்போல் ஐந்து முதல் ஏழு மடங்கு கயிறு விடுமாறு அறிவுறுத்துகின்றன. கல்லுக்கு அத்துணை நீளம் வேண்டுவதில்லை. தென்மேற்குக் கரையில் தூண்டில் தொழில் செய்வோர் நாடிச் செல்வது ‘பார்’ எனப்படும் கடலடிப் பாறைத்திட்டு. பாறை இடுக்கில் சிக்கிய இரும்பை மீட்பது அரிது. கல் சிக்கினால் கயிற்றை அறுத்துவிட்டு வேறொரு கல்லைக் கட்டிக்கொள்ளலாம். இரும்பு வந்த பின்னும் கல் நெடுங்காலம் நிலைத்ததற்கு வறுமை ஒன்றே காரணம் எனக் கூறுவோர் இதனை எண்ணுதல் வேண்டும்.

கல்லை எங்கே போடுவது என்பதில் இரு சொற்கள் இன்றியமையாதன. முதலாவது நீவாடு. கடலின் நீரோட்டத்தைக் குறிக்கும் இச்சொல்லின் முதலுறுப்பு ‘நீர்’ எனக் கொள்வதில் தடையில்லை. கலம் நிற்க வேண்டிய இடம் பாரின் மேல் எனின், கல் விழ வேண்டிய இடம் நீவாடு வரும் பக்கத்தில் அதற்கு முன்னால் உள்ளது. காற்றும் நீவாடும் எதிரெதிராக இருப்பின் கணக்கு மாறும். இரண்டாவது கணிச்சம். கரையிலுள்ள மலை, கோயில் கோபுரம் அல்லது தேவாலயக் கோபுரம், உயர்ந்த தென்னை ஆகியவற்றை இரண்டிரண்டாக நேர்கோட்டில் வைத்து நோக்கி, அக்கோடுகள் வெட்டும் புள்ளியால் பாரின் இடத்தைத் துணியும் முறை இது. திருவனந்தபுரக் கரையில் இச்சொல் வழங்குகிறது. ‘கணி’ என்னும் வினையுடன் அதன் தொடர்பு வெளிப்படை. ஒரு பாருக்குரிய கணிச்சம் தந்தையிடமிருந்து மகனுக்குச் சொல்லப்பட்டது, அயலாருக்கு மறைக்கப்பட்டது. ஆகவே இத்துறைச் சொற்கள் எழுத்தில் ஏறாமைக்கு எழுத்தறிவின்மை மட்டுமன்றித் தொழில் மறைபொருள் காத்தலும் காரணமாகும்.

செலுத்துதலைச் சார்ந்த சொற்களுள் பாய் திராவிட மொழிச் சொல். கோரைப்பாய்க்கும் கலத்தின் பாய்க்கும் தமிழ், மலையாளம் இரண்டிலும் ஒரே பெயர் வழங்குதல் தொடக்ககாலப் பாய்கள் முடையப்பட்டவை என்பதற்குச் சான்றாகலாம். புறநானூற்றின் 30ஆம் பாட்டில் பாய் களையாமல் ஆற்றுமுகத்துள் நுழையும் பெருங்கலம் பேசப்படுகிறது. அங்கே ஆற்றுமுகத்திற்குப் பெயர் புகார். தென்மேற்குக் கரையில் அதனைப் பொழி என்பர். பொழியூர் என்னும் ஊர்ப்பெயரும் அதன்வழிப்பட்டது. மணல்மேடு அடைத்தும் திறந்தும் இயங்கும் ஆற்றுவாய் என்னும் சிறப்புப் பொருள் பொழிக்கு உண்டு. ‘முகத்துவாரம்’ எனப் பொதுவாக மொழிபெயர்ப்போர் இப்பொருளை இழக்கின்றனர்.

கலத்தின் பெயரே உலகச் சொல்லாயிற்று. 1697இல் வெளிவந்த வில்லியம் டாம்பியரின் பயணநூல் கட்டுமரத்தைச் சோழமண்டலக் கரையின் கலமாகக் குறிப்பிடுகிறது. சென்னை மாகாண மீன்துறையில் பணியாற்றிய ஜேம்ஸ் ஹார்னெல் 1920இல் வெளியிட்ட இந்தியப் படகமைப்பு பற்றிய ஆய்வில் அதன் வகைகளை விரித்துரைத்தார். ஆனால் 1876இல் நத்தானியேல் ஹெரஷாஃப் அமெரிக்காவில் வடித்த ‘அமரில்லிஸ்’ போன்ற இரட்டையுடல் பந்தயக் கலங்களுக்கு இப்பெயர் இடம்பெயர்ந்தது. இன்று ‘கேட்டமரான்’ என்று மேலையர் எழுதுவதைக் ‘கட்டுமரம்’ என மொழிபெயர்த்தல் பிழையாகும். அதில் கட்டும் இல்லை, மரமும் பெரும்பாலும் இல்லை. ‘இரட்டையுடல் படகு’ என்பதே பொருந்தும். 1911இல் தோன்றிய ராயல் மெட்ராஸ் யாட் கிளப் போன்ற அமைப்புகளின் பொழுதுபோக்குப் பாய்க்கலச் செலவு ஆங்கிலச் சொற்களாலேயே நடந்துவருகிறது. அத்துறைக்குத் தமிழ் வேண்டின் புதிதாய் ஆக்குவதற்கு முன் நீவாடு, பார், பொழி, கணிச்சம் ஆகியவற்றை எடுத்தாளல் தகும்.

இவ்வாறு எடுத்தாண்டதற்கு ஒரு முன்மாதிரி இக்கரையிலேயே உள்ளது. காற்றும் மழையும் இல்லாத நாளில், தொலைவிலுள்ள தென்னிந்தியப் பெருங்கடலில் எழுந்த அலைகள் கரையில் ஏறிவருவதைக் கேரள மீனவர் ‘கள்ளக்கடல்’ என்றனர். கள்வன்போல் முன்னறிவிப்பின்றி வருவது என்பது பொருள். தமிழர்க்கும் விளக்கம் வேண்டாத சொல். 2012இல் யுனெஸ்கோ இதனை அறிவியற் சொல்லாக ஏற்றது. ஐதராபாத்திலுள்ள இந்தியத் தேசியக் கடல்சார் தகவல் சேவை மையம் இப்பெயரிலேயே எச்சரிக்கை விடுக்கிறது. 2024 மே 6 அன்று கன்னியாகுமரி மாவட்டத்துக் கணபதிபுரம் அருகே லெமூர் கடற்கரையில் மருத்துவ மாணவர் ஐவர் அலையில் சிக்கி இறந்தனர். கள்ளக்கடல் எச்சரிக்கை அதற்கு முன்பே வெளியாகியிருந்தது. ‘கடல் சீற்றம்’ என்னும் பொதுத்தொடர் அச்சொல்லுக்கு ஈடாகாது. சீறும் கடல் கண்ணுக்குத் தெரிவது, கள்ளக்கடலோ அமைதியான கடலாகத் தோன்றுவது.

1980களில் வெளிப்பொருத்து எந்திரமும் ஒட்டுப்பலகைப் படகும் இக்கரையில் பரவின, பாய் குறைந்தது. இன்று பாரின் இடம் செயற்கைக்கோள் வழிகாட்டிக் கருவியில் அகலாங்கு, நெட்டாங்கு எண்களாகப் பதிவாகிறது. ஆழத்தை மட்டும் முதியோர் இன்னும் இரு கைகளையும் விரித்த அளவாகிய ‘மார்’ கணக்கிலேயே சொல்கின்றனர்.