பேராதனையில் பார்க்கக் கற்ற காலம்

கலையை இரசிப்பதற்குப் படிப்பு வேண்டுமா என்று நேயர்கள் சிலர் கேட்பதுண்டு. பாட்டு நன்றாக இருந்தால் காது தானாகவே கேட்கும், சிற்பம் நன்றாக இருந்தால் கண் தானாகவே நிற்கும், இதிலே கற்பதற்கு என்ன இருக்கின்றது என்பது அவர்களுடைய வாதம். நானும் ஒரு காலத்தில் அவ்வாறே எண்ணியிருந்தேன். அந்த எண்ணத்தை மாற்றியது பேராதனைப் பல்கலைக்கழகத்தில் நான் கழித்த ஆண்டுகள். இலங்கைத் தமிழ் அரங்க வரலாற்றிலும் அவை முக்கியமான ஆண்டுகள் என்பதால், இரண்டையும் சேர்த்தே இன்று சொல்ல விரும்புகிறேன்.

1942 ஆம் ஆண்டு கொழும்பில் தொடங்கப்பட்ட இலங்கைப் பல்கலைக்கழகம் 1952 இல் பேராதனைக்கு இடம்பெயர்ந்தது. முதலில் அங்கே ஆங்கிலமே பயிற்று மொழி. 1960 களின் தொடக்கத்தில் கலைப் பீடத்திலே தமிழிலும் சிங்களத்திலும் கற்கும் வாய்ப்பு ஏற்பட்டபோது, கிராமங்களிலிருந்து மாணவர்கள் பெருந்தொகையாக வந்து சேர்ந்தார்கள். 1961 இல் மட்டக்களப்புக் கிராமமொன்றிலிருந்து தகரப் பெட்டியுடன் வந்திறங்கிய நானும் அவர்களில் ஒருவன். அருணாசலம் விடுதியில் எனக்கு இடம் கிடைத்தது.

என்னுடைய பெரியப்பா வடமோடிக் கூத்துக்காரர். வயல் வேலை முடிந்த மாதங்களில், களரியிலே மத்தளம் கேட்டால் எங்கள் வீட்டில் ஒருவரும் உறங்க மாட்டார்கள். ஆனால் பட்டணத்துக் கல்லூரியில் தங்கிப் படித்த ஆறு ஆண்டுகளில், கூத்து என்பது படியாதவர்களின் பொழுதுபோக்கு என்று எனக்கு எப்படியோ சொல்லித் தரப்பட்டிருந்தது. விடுதிக்கு வந்த முதல் வாரம், யாழ்ப்பாணத்து நண்பன் ஒருவன், "உங்கட பக்கம் விடிய விடியக் கூத்து ஆடுவினமாமே, நீ பார்த்திருக்கிறியா?" என்று கேட்டான். "பழைய ஆட்கள் ஆடுவார்கள், நான் போவதில்லை" என்றேன். அது பொய். பெரியப்பா துரியோதனனாகக் கொலுவிலே வந்து நின்ற இரவுகளில், களரியின் ஓரத்தில் பாயிலே படுத்துக் கிடந்து பார்த்தவன் நான்.

பார்க்கும் பயிற்சி எனக்கு முதலில் கிடைத்தது சிற்பங்களிடமிருந்துதான். விரிவுரையாளர் ஒருவர் சனிக்கிழமைகளில் விருப்பமுள்ள மாணவர்களை அயலிலுள்ள பழைய கோயில்களுக்கு அழைத்துச் செல்வார். பரீட்சைக்கு இதனால் ஒரு புள்ளியும் இல்லை. அவர் விதித்தது ஒரே ஒரு விதி: "நன்று, நன்றல்ல என்று உடனே சொல்ல வேண்டாம். அங்கே என்ன இருக்கின்றது என்று முதலில் சொல்லுங்கள்."

எம்பக்கே தேவாலயத்தின் மரத் தூண்களிலே மல்லர்களும், குழந்தைக்குப் பாலூட்டும் தாயும், இருதலைப் பறவையும் செதுக்கப்பட்டிருக்கின்றன. நாங்கள் தூண்களையே பார்த்துக்கொண்டிருந்தோம். அவர் எங்களை அண்ணாந்து பார்க்கச் சொன்னார். கூரையின் ஒரு முனையிலே 26 கைமரங்கள் ஒன்றுகூட, அவை அத்தனையையும் ஒரே ஒரு பெரிய மர ஆணி பிடித்துக்கொண்டிருந்தது. அழகு செதுக்கலில் மாத்திரம் இல்லை, சுமையைத் தாங்கும் முறையிலும் இருக்கின்றது என்பதை அன்றுதான் கண்டேன். கடலாதெனிய விகாரையை 1344 இல் கட்டிய சிற்பாசாரியாரின் பெயர் கணேஸ்வராச்சாரி என்று அங்குள்ள கல்வெட்டிலேயே இருக்கின்றது. பௌத்த விகாரையொன்றைத் தென்னிந்திய மரபிலே கருங்கல்லில் எழுப்பியவர் அவர்.

பின்னர் கொழும்பு நூதனசாலைக்குப் போனோம். பொலன்னறுவையில் 1907 ஆம் ஆண்டளவில் கண்டெடுக்கப்பட்ட நடராசர் படிமத்தின் முன்னே என் கைகள் தாமாகவே குவிந்தன. விரிவுரையாளர் பொறுமையாகக் காத்திருந்துவிட்டு, "கும்பிட்டாயிற்றா? இனி, தூக்கிய பாதத்தின் பாரம் எங்கே இறங்குகின்றது என்று பார்" என்றார். முழுப் பாரமும் ஊன்றிய ஒரு காலிலே இறங்கியிருந்தது. ஆனாலும் உருவத்திலே அந்தரிப்பு இல்லை. இந்தப் படிமங்களைப் பற்றி முதலில் எழுதியோரில் ஒருவர் சேர் பொன்னம்பலம் அருணாசலம். நான் உறங்கி எழும்பும் விடுதிக்கு அவருடைய பெயர்தான். அவருக்குப் பின் ஆனந்த குமாரசுவாமி 1914 இல் இலங்கை வெண்கலப் படிமங்களைப் பற்றித் தனி நூலே எழுதினார். இவற்றையெல்லாம் அறிந்த பின்னும் நான் கும்பிடுவதை நிறுத்தவில்லை. ஆனால் கும்பிடுமுன் பார்க்கத் தொடங்கினேன்.

அரங்கக் கலையில் என் கண்ணைத் திறந்தது ஒரு சிங்கள நாடகம் என்பதைச் சொல்லியே ஆக வேண்டும். பேராசிரியர் எதிரிவீர சரச்சந்திரவின் 'மனமே' 1956 நவம்பர் 3 ஆம் திகதி கொழும்பு லயனல் வென்ட் அரங்கிலே முதன்முதல் மேடையேறியது. நான் அதனைப் பார்த்தது சில ஆண்டுகள் கழித்து. மொழி எனக்கு அரைகுறையாகவே விளங்கியது. ஆனால் பாத்திரங்கள் பாடி ஆடிக்கொண்டு வரும் வரவு விளங்கியது. கதையை எடுத்துச் சொல்ல வந்தவரைப் 'பொத்தேகுரு' என்றார்கள். ஏட்டைக் கையில் வைத்திருக்கும் குரு என்று அதற்குப் பொருள் என அருகிலிருந்த சிங்கள நண்பர் சொன்னார். எங்கள் ஏட்டண்ணாவியார்! நான் ஆசனத்தின் நுனிக்கு வந்துவிட்டேன்.

சிங்கள 'நாடகம' என்னும் அரங்க வடிவம் தமிழ்க் கூத்து மரபிலிருந்து, கரையோரக் கத்தோலிக்கர் வழியாக வளர்ந்தது என்பதைச் சரச்சந்திரவே தமது ஆய்விலே எடுத்துக் காட்டியிருந்தார். சாள்ஸ் சில்வா குணசிங்க என்ற நாடகம ஆசானைத் தேடிப் பிடித்து, அவரிடமிருந்து இசையையும் முறையையும் பெற்றே 'மனமே'யை ஆக்கினார். தனிச் சிங்களச் சட்டம் நிறைவேறிய அதே ஆண்டிலே, சிங்கள மக்கள் தமது தேசிய நாடகமாகக் கொண்டாடிய படைப்பு, தமிழ்க் கூத்தின் வழிவந்த வடிவத்திலே எழுந்தது. இதனை அக்காலத்தில் எத்தனை பேர் நின்று யோசித்தார்களோ தெரியாது.

யோசித்தவர் ஒருவர் பேராதனையிலேயே இருந்தார். தமிழ்த் துறையைச் சேர்ந்த பேராசிரியர் சு. வித்தியானந்தன், மட்டக்களப்பு வடமோடிக் கூத்தைப் பல்கலைக்கழக மேடைக்குக் கொண்டுவந்தார். 'கர்ணன் போர்' 1962 இலும், 'நொண்டி நாடகம்' 1963 இலும், 'இராவணேசன்' 1964 இலும், 'வாலிவதை' 1967 இலும் அளிக்கை செய்யப்பட்டன. ஆடுவதற்கு அவருக்கு ஆட்கள் கிடைத்தமைக்குக் காரணம், நான் முன்னர் குறிப்பிட்ட அந்தக் கிராமத்து மாணவர்களே. மட்டக்களப்பிலிருந்து வந்திருந்த சி. மௌனகுரு அவர்களில் ஒருவர். இராவணனாக ஆடியவர் அவரே.

'கர்ணன் போர்' நான் பார்த்த மாலையில் மறக்க முடியாதது கர்ணன் அல்ல. வந்தாறுமூலை செல்லையா அண்ணாவியார் இந்த ஆட்டத்தைப் பழக்கியவர் என்று அறிந்தபோது எனக்கு ஏற்பட்ட உணர்வுதான். பேராசிரியர்களும் பட்டதாரிகளும் ஓர் அண்ணாவியாரின் தாளத்துக்குக் காத்திருந்தார்கள். அன்றிரவு விடுதிக்குத் திரும்பியதும் யாழ்ப்பாணத்து நண்பனிடம், "நான் உனக்குப் பொய் சொன்னேன்" என்றேன். அவன் சிரித்துவிட்டு, "எனக்கு அப்பவே தெரியும்" என்றான்.

விடுமுறையில் ஊருக்குச் சென்றபோது பெரியப்பாவிடம் எல்லாவற்றையும் விபரித்தேன். விடிய விடிய ஆடும் கூத்து ஏறத்தாழ ஒன்றரை மணித்தியாலத்துக்குள் அடக்கப்பட்டதையும், சுற்றிவர மக்கள் இருக்கும் வட்டக்களரிக்குப் பதிலாக, ஒரு பக்கம் மாத்திரம் பார்வையாளர் இருக்கும் மேடையிலே ஆடப்பட்டதையும் பெருமையுடன் சொன்னேன். அவர் வெற்றிலையை மடித்துக்கொண்டே கேட்டார்: "நல்லதுதான் மனே. அப்ப விடியல்லையா?"

எனக்கு விளங்கவில்லை. அவரே சொன்னார்: "கர்ணன் விழுற நேரம் கிழக்கு வெளுக்க வேணும். சூரியன்ட மகனல்லவா!"

பல்கலைக்கழகத்தில் நான் கேட்ட விரிவுரைகளில் எதுவும் இதனை எனக்குச் சொல்லவில்லை. ஆனால் அந்த விரிவுரைகளைக் கேட்டிராவிட்டால், பெரியப்பா சொன்னது எவ்வளவு பெரிய திறனாய்வு என்பதும் எனக்குப் புரிந்திராது. எழுத்தறியாத ஒருவர் என்றே நான் எண்ணியிருந்த மனிதர், காலமும் ஒளியும் கதையும் ஒன்றாகச் சேரும் இடத்தை அறிந்திருந்தார். அந்த ஆண்டுக் கூத்திலே நான் பாயிலே படுக்கவில்லை. களரியோரத்தில் அமர்ந்து விடியும்வரை பார்த்தேன். அவர் பக்கம் வந்த ஒவ்வொரு தடவையும் என்னை ஒரு கணம் பார்த்துவிட்டே போனார்.

வித்தியானந்தன் சுருக்கியது தவறு என்று நான் சொல்ல வரவில்லை. அவர் சுருக்கியிராவிட்டால் நகரத்தார் கூத்தைத் திரும்பியே பார்த்திருக்க மாட்டார்கள். மௌனகுரு பின்னாளில் மட்டக்களப்பு மரபுவழி நாடகங்களை ஆராய்ந்து கலாநிதிப் பட்டம் பெறும் நிலையும் எளிதில் வந்திராது. பின்னர் கிழக்கிலே தோன்றிய பல்கலைக்கழகம் அமைந்திருப்பதும் வந்தாறுமூலையிலேதான். அண்ணாவியார் பேராதனைக்குப் போன காலம் போய், அவருடைய ஊரிலேயே பல்கலைக்கழகம் இருக்கும் காலம் வந்தது. இருந்தாலும், சட்டகத்துக்குள் வைத்த கூத்தைப் பார்ப்பவர், சட்டகத்துக்கு வெளியே விடப்பட்டது என்ன என்றும் கேட்க வேண்டும்.

ஆகவே, கலையை இரசிக்கப் படிப்பு வேண்டுமா என்று கேட்கும் நேயர்களுக்கு என் பதில், வேண்டும் என்பதே. ஆனால் அந்தப் படிப்பில் பாதியைப் பேராதனை எனக்குத் தந்தது. மறு பாதி, நான் வெட்கப்பட்டு மறைத்த வீட்டிலேயே இருந்தது.