குளியலறைத் திரையில் பிறந்த உறை

1946ஆம் ஆண்டு. அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் வெஸ்ட்போர்ட் என்ற ஊர். மரியன் டோனவன் என்ற இளம் தாய், குளியலறையில் தொங்கிய தண்ணீர் புகாத திரையைக் கழற்றி வெட்டி, தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்தார். குழந்தைக்குத் துணி கட்டும் முறையை மாற்றிய ஒரு பொருள் அங்கேதான் உருவெடுத்தது.

அந்நாளில் அங்கே பருத்தித் துணியை மடித்துக் குழந்தைக்குக் கட்டி, ஊக்கு குத்துவார்கள். முனை மூடிக்கொள்ளும் ஊக்குக்கு வால்டர் ஹன்ட் என்ற அமெரிக்கர் 1849இலேயே காப்புரிமை பெற்றிருந்தார். ஆனாலும் நெளிந்து புரளும் குழந்தைக்கு அதை மாட்டும்போது நெஞ்சு பதறத்தான் செய்யும். துணி நனைந்தால் ஈரம் அதோடு நிற்காது. சட்டைக்குப் போகும், விரிப்புக்குப் போகும், மெத்தையிலும் இறங்கும். குழந்தை ஒரு முறை நனைத்தால் துவைக்க ஒரு குவியல் சேரும்.

இதற்கென்று கடைகளில் ரப்பர் ஜட்டி கிடைத்தது. அது ஈரத்தை வெளியே விடாது. காற்றையும் உள்ளே விடாது. சிறுநீரும் வியர்வையும் அடைபட்டுக் கிடந்தால் பிஞ்சுத் தோல் ஊறிப்போகும். துணி உரச உரசச் சிவந்து தடித்துப் புண்ணாகும். மெத்தை தப்பியது, குழந்தை அவதிப்பட்டது.

எல்லாத் தாய்மாரும் சகித்துக்கொண்டதை மரியன் ஏன் சகிக்கவில்லை? அவர் வளர்ந்த இடமே காரணம் என்று நினைக்கிறேன். இண்டியானா மாநிலத்தின் சவுத் பெண்ட் நகரில் அவருடைய அப்பாவும், அப்பாவோடு இரட்டையராகப் பிறந்தவரும் லேத் இயந்திரங்கள் செய்யும் தொழிற்சாலை நடத்தினார்கள். சிறுவயதிலேயே தாயை இழந்த மரியன் அந்தத் தொழிற்சாலையைப் பார்த்தே வளர்ந்தார். ஒரு பொருள் சரியாக வேலை செய்யாவிட்டால் அதைத் திருத்த வேண்டும் என்பது அவருக்குச் சிறுவயதுப் பாடம்.

திரைத் துணியில் தொடங்கியவர், பாராசூட்டுக்கு நெய்த நைலான் துணிக்கு மாறினார். உள்ளே உறிஞ்சும் துணி. வெளியே ஈரத்தைத் தடுக்கும் உறை. ரப்பர் ஜட்டி போல் அது குழந்தையைப் புழுங்க வைக்கவில்லை. ஊக்குக்குப் பதிலாகப் பிரஸ் பட்டன் வைத்தார். படகு போன்ற தோற்றம் இருந்ததால் ‘போட்டர்’ என்று பெயரிட்டார்.

தயாரிப்பாளர்கள் யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. இப்படியொன்று வேண்டுமென்று எந்தப் பெண்ணும் கேட்கவில்லையே என்பது அவர்கள் சொன்ன காரணம். மரியன் தாமே தயாரித்து விற்பனையில் இறங்கினார். 1949இல் நியூயார்க்கின் சாக்ஸ் ஃபிஃப்த் அவென்யூ கடைக்கு வந்த போட்டரைத் தாய்மார் விரும்பி வாங்கினார்கள். கேட்காதிருந்தவர்களுக்கும் தேவை இருந்தது. 1951இல் காப்புரிமை கிடைத்தது. அந்த உரிமையைக் கீகோ என்ற நிறுவனத்துக்கு 10 லட்சம் டாலருக்கு விற்றார்.

உறை விரிப்பைக் காப்பாற்றியது. ஆனால் உள்ளே இருந்த துணியை யாராவது துவைத்துத்தான் ஆக வேண்டும். அதையும் தீர்க்க எண்ணிய மரியன், உறிஞ்சும் காகிதத்தில் டயப்பர் செய்யலாம் என்று நிறுவனங்களை அணுகினார். மறுபடியும் மறுப்புதான். 1961இல் பாம்பர்ஸ் என்ற டயப்பர் அறிமுகமான பிறகு, கழற்றி எறியும் டயப்பர்கள் நாடு நாடாகப் பரவின.

எறிந்தவை குப்பையில் மக்காமல் கிடப்பதைக் கண்டு, இன்று பலர் துணி டயப்பருக்குத் திரும்புகிறார்கள். அவர்கள் வாங்குவதைப் பிரித்துப் பார்த்தால், உள்ளே உறிஞ்சும் துணி, வெளியே ஈரம் கசியாத மெல்லிய உறை, இடுப்பில் பட்டன். மரியன் தேர்ந்தெடுத்த அதே அமைப்பு. அவருக்குத் தீராமல் நின்ற துவைக்கும் வேலையும் கூடவே திரும்பி வந்திருக்கிறது. அதைத் தீர்க்கப் புதிய கண்டுபிடிப்பு தேவையில்லை. தாயின் தலையில் மட்டும் கட்டாமல், அப்பாவும் வீட்டிலுள்ள மற்றவர்களும் பங்கிட்டுக்கொண்டால் போதும்.