தேயிலையும் ஒரு சீன எழுத்தும்

அந்தி வேளையில் வீடு தேடி வருவோரைத் "தேத்தண்ணி குடியுங்கள்" என்று உபசரிப்பது களுபோவிலையில் வாழும் எங்களுக்கும் வழக்கம். அச்சொல்லிலே தண்ணீர் தமிழ் என்பது வெளிப்படை. முன்னிற்கும் 'தே' எங்கிருந்து வந்தது?

அது சீனத்துச் சொல். சீனத்தில் ஓரெழுத்தே பகுதிக்குப் பகுதி வேறாக ஒலிக்கும். தேயிலையைக் குறிக்கும் எழுத்தைப் பெரும்பாலான சீனர் 'சா' என்பர். தென்கிழக்குக் கரையிலுள்ள பூக்கியென் மாகாணத்தவரோ 'தே' என்பர். இவ்வொலியை ஒல்லாந்தக் கப்பல்கள் மேற்கே கொண்டு சென்றன. பாரசீகரின் 'சாய்', மலையாளத்துச் 'சாயா' என்பன மற்றைய ஒலியின் வழிவந்தவை.

இனி எழுத்தின் வடிவைக் காண்போம். மேலே புல்லைக் குறிக்கும் உறுப்பு. நடுவே மனிதனை ஒத்த கூரை வடிவம். கீழே மரம் போன்ற உறுப்பு. ஆகவே "புல்லுக்கும் மரத்துக்கும் நடுவே மனிதன்" என்று விளக்கங் கூறி மகிழ்வாருளர். அழகிய விளக்கமே, ஆயினும் வரலாறு அதுவன்று. ஆதியில் கசப்புப் பூண்டொன்றைக் குறித்த எழுத்தே தேயிலைக்கும் வழங்கிற்று. அதன் மேலுறுப்பு பொருளையும் கீழுறுப்பு ஒலியையும் காட்டின. தாங் அரசர் காலத்தில், கி.பி. 8ஆம் நூற்றாண்டளவில், அதில் ஒரு கிடைக்கோடு குறைந்து தேயிலைக்கெனத் தனியெழுத்து நிலைபெற்றது. லூ யூ என்பார் தேயிலை பற்றிய புகழ்பெற்ற நூலை இயற்றியதும் அந்நூற்றாண்டிலேயாம்.

யப்பானியர் இவ்வெழுத்தின் கோடுகளை இருபது, எண்பத்தெட்டு என எண்களாகப் பிரித்துக் கூட்டி, 108ஆம் வயதைத் 'தேயிலை வயது' எனக் கொண்டாடுவர்.

இதனை ஒருமுறை வகுப்பிலே விளக்கியபோது, மலையகத்திலிருந்து வந்த மாணவியொருத்தி எழுந்து, "சேர், நடுவில் நிற்பது என் பாட்டியா?" என்று வினவினாள். எழுத்தின் பிறப்பு அதுவன்று என மீண்டும் உரைத்தேன். ஆசிரியன் அவ்வாறே உரைத்தல் வேண்டும். ஆயின் அவள் வினா பொய்யன்று.

1867இல் லூல்கந்துரத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெயிலர் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். 1869இல் தோன்றிய இலைநோய் கோப்பியை அழிக்க, மலைகளெங்கும் தேயிலை பரவிற்று. அதனைக் கொய்தவர்கள் தென்னிந்தியாவிலிருந்து வந்த தமிழர். 1948இன் பிரசாவுரிமைச் சட்டத்தால் அவர்களுள் மிகப் பெரும்பாலோர் நாடற்றவராயினர். எஞ்சியோருக்கு 2003இல் இயற்றப்பட்ட சட்டமே வழி திறந்தது.

சீன எழுத்தின் நடுவே மனிதன் நிற்பது கற்பனையாகலாம். நம் கிண்ணத்திலுள்ள தேயிலைக்குப் பின்னே மனிதர் நிற்பது வரலாறு. இரண்டையும் பிரித்தறியக் கற்பிப்பதே எம் போன்றோர் கடன்.